டோக்கன் பாட்டில் ஒரு திருத்தம்

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோதுதான் கறாரம்மா அந்தப் பாட்டை முதன்முதலாகக் கேட்டாள். கீழே எதிர்வீட்டுச் சிறுமிகள் இரண்டு பேர் கயிறு தாண்டிக்கொண்டே பாடினார்கள்.

சாமிகிட்ட கேட்டாக்கூட சட்டுன்னு வரம் கெடைக்கும்,
எங்க ராணி டோக்கன் தர எத்தன காலம் எடுக்கும்?
இடுப்புல சொருகி வச்சு இங்கும் அங்கும் நடப்பா,
அடக்கி அடக்கி நிக்கிறவள அளந்து பாத்து முறைப்பா!

ராணி என்றால் யார் என்று புரிய அவளுக்கு இரண்டு வரி தேவைப்பட்டது. புரிந்ததும் கையிலிருந்த போர்வையை உதறாமல் அப்படியே நின்றாள். சிறுமிகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, கயிற்றைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டார்கள். மற்ற பெண்களாக இருந்தால் அழுதிருப்பார்கள், இல்லாவிட்டால் கீழே இறங்கிப் போய் அந்தக் குழந்தைகளின் அம்மாவோடு மல்லுக்கு நின்றிருப்பார்கள். கறாரம்மாவுக்கு வந்த முதல் எண்ணம் வேறு. "இடுப்புலயா? நான் எப்ப இடுப்புல சொருகினேன்?"

அவளுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. தப்பாக ஒரு சொல் காதில் விழுந்தால் அதைத் திருத்தாமல் அவளுக்குச் சோறு இறங்காது. தெருவில் நாலு பேர் கூடி ஒரு சேதிக்குக் கையும் காலும் வைத்து ஆசையாக வளர்த்துக்கொண்டிருக்கும்போது குறுக்கே வருவாள். "அவ ஓடிப்போகல. அவங்க அக்காவுக்குப் பிரசவம், ஒத்தாசைக்குப் போயிருக்கா" என்று தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு நடையைக் கட்டுவாள். இப்படிப்பட்ட ஒருத்தி தெருவில் இருந்தால் மற்றவர்களுக்கு எப்படிப் பொழுது போகும்?

அவள் வேலை பார்த்தது காலுறைத் தொழிற்சாலையில், ஜோடி சேர்க்கும் அறையில். கீழ்த்தளத்து இயந்திரங்கள் பின்னித் தள்ளும் காலுறைகளைக் கால் வடிவச் சூடான இரும்பு அச்சுகளில் மாட்டித் தேய்த்து மேலே அனுப்புவார்கள். நீள மேசையின் இரண்டு பக்கமும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் அவற்றில் விரல் நுனித் தையலைப் பார்த்து, நீளம் பார்த்து, நிறம் பார்த்து, ஒன்றோடு ஒன்று சேர்த்து லேபிள் மாட்டுவார்கள். அந்த அறைக்குச் சூப்பர்வைசர் கறாரம்மா. அவளும் ஸ்டூலில் இருந்து எழுந்து வந்தவள்தான். இப்போது அவளுக்குத் தனி மேசை, ஒரு டெலிபோன், முதுகு சாய்த்துக்கொள்ளும்படியான ஒரு நாற்காலி.

அதோடு அந்தச் சிவப்பு டோக்கன். கழிப்பறைக்குப் போகிறவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போகவேண்டும். மொத்த அறைக்கும் ஒன்றே ஒன்று. போனவள் திரும்பி வந்து வைத்த பிறகுதான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். சட்டம் மேனேஜருடையது, காவல் கறாரம்மாவுடையது. அதனால் மேனேஜரை யாரும் திட்டவில்லை. அவரை யார் பார்த்தார்கள்?

இதைப் பற்றித் தொழிலாளர் சங்கத்துக்காரர் இரண்டு வருஷமாகத் துண்டறிக்கை போட்டுக்கொண்டிருந்தார். பாவம், நல்ல மனுஷர். சைக்கிளில் வந்து வாசலில் நின்று ஒவ்வொருத்தியிடமும் கொடுப்பார். 'பணியிடக் கழிப்பறை வசதியும் பெண் தொழிலாளரின் அடிப்படை உரிமையும்' என்று தலைப்பு. இரண்டாவது வரியைத் தாண்டியவர்கள் யாருமில்லை. மேசைக்கால் ஆடாமலிருக்க மடித்து வைப்பதற்கு அந்தக் காகிதம் வாகாக இருந்தது. படிக்கத் தெரிந்தவர்களுக்கும் வெட்கம். "இதையெல்லாம் போயி நோட்டீஸ் அடிச்சுக் குடுக்கிறாரே, இவருக்கு அம்மா அக்கா இல்லையா?" என்று கேட்டாள் லேபிள் ஒட்டும் அக்கா. அறையிலேயே மூத்தவள் அவள்.

பாட்டு வந்த பிறகு கதை மாறியது. அதில் சங்கடமான சொல் ஒன்றுகூட இல்லை. 'அடக்கி அடக்கி' என்று இழுத்துப் பாடினால் எல்லோருக்கும் புரிந்தது, சொன்னதாகவும் ஆகவில்லை. உரிமை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் கிண்டல் என்றதும் காதைக் கொடுத்தார்கள். சிரித்த பிறகு அதை இல்லை என்று சொல்ல முடியவில்லை. சிரித்தது உண்மைதானே!

திங்கட்கிழமை அறைக்குள் நுழைந்தபோது கறாரம்மாவுக்கு அது காதில் விழுந்தது. வாய் மூடியிருக்கிறது, மூக்குக்குள் ராகம். அந்தத் தாளத்துக்குக் கைகள் காலுறையை எடுக்கின்றன, தட்டுகின்றன, சேர்க்கின்றன. யார் என்று பிடிக்க முடியவில்லை. ஒருத்தியை நெருங்கினால் அவள் நிறுத்துகிறாள், எதிர்ப்பக்கம் தொடர்கிறது.

"என்ன பாட்டு அது?"

"தாலாட்டு மேடம்."

"வேலை நேரத்துல யாரைத் தூங்க வைக்கிறீங்க?"

"தூங்கறவங்களை எழுப்பத்தான் மேடம் பாக்கிறோம்."

அறை முழுக்க இருமல் பரவியது. சிரிப்பை இருமலாக மாற்றுவதில் அந்த அறைப் பெண்களை மிஞ்ச ஆள் கிடையாது.

மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். பாட்டு அவர் வீடு வரைக்கும் போயிருந்தது. அவர் வீட்டுச் சமையல்காரி பாத்திரம் கழுவும்போது பாடினாளாம்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதுனது யாருன்னு பேரு வேணும்மா. பேரு வந்தா அவ வெளிய போவா. வரலேன்னா நீ பழையபடி ஸ்டூல்ல போய் உக்காரு."

"விசாரிக்கிறேன் சார்."

விசாரிக்க என்ன இருக்கிறது? முதல் வரியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சாமிக்குச் சட்டுன்னு, எங்களுக்கு எத்தனை, இடுப்புக்கு இங்கும் என்று இப்படிக் கோத்துப் பேசுகிற வாய் அந்த ஊரிலேயே ஒன்றுதான். அது அவள் வீட்டிலேயே இருந்தது.

கறாரம்மாவின் நாத்தனார், அதாவது அவள் புருஷன் டெய்லரின் தங்கை, அதே அறையில் ஜன்னலோர ஸ்டூலில் ஜோடி சேர்ப்பவள். வீட்டில் 'அண்ணி', தொழிற்சாலைக் கேட்டைத் தாண்டினால் 'மேடம்'. காலையில் இருவரும் ஒரே நேரத்தில் கிளம்பினாலும் சேர்ந்து நடக்கமாட்டார்கள். சூப்பர்வைசருக்குச் சொந்தக்காரி என்ற பெயர் இவளுக்கு வேண்டாம், சொந்தத்துக்குச் சலுகை கொடுக்கிறாள் என்ற பெயர் அவளுக்கு வேண்டாம். டெய்லர் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் முன்னறையில் தையல் மெஷின் போட்டு, தலையைக் குனிந்துகொண்டு காலம் தள்ளுகிற புண்ணியவான்.

அன்று சாயங்காலம் சமையலறையில் சண்டை தொடங்கியது. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் எல்லாம் காற்றுக்காகத் திறந்துகொண்டன.

"ஏண்டி, நீ எழுதினதுதானே அது?"

"எது அண்ணி?"

"தெரியாத மாதிரி கேக்காத. தெருவே பாடுது."

"தெரு பாடுதுன்னா தெருகிட்டப் போய்க் கேளுங்க."

"இடுப்புல சொருகி வச்சிருக்கேன்னு எழுதியிருக்கியே, இடுப்புல சொருக அது என்ன மூக்குப்பொடி டப்பாவா? என் மேசைக்கு மேல ஆணியில தொங்குது. நீ தினம் பாக்கிற. கண்ணு அவிஞ்சா போச்சு?"

நாத்தனார் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். திட்டு வரும் என்று தயாராக இருந்தவளுக்குத் திருத்தம் வந்தது.

"பாட்டுன்னா அப்படித்தான் அண்ணி. ஆணின்னு சொன்னா கெத்தா இல்ல."

"கெத்துக்காகப் பொய் சொல்லுவியா? எல்லாரையும் நிக்கவச்சு நான் மட்டும் நெனச்ச நேரம் போயிட்டு வர்றேன்னு ஊரே நெனைக்குது!"

"போகலையா பின்ன? டோக்கன் உங்ககிட்டதானே இருக்கு?"

"இருந்தா? நான் எழுந்து போனா ரூமை யாரு பாக்கிறது? நான் போகணும்னா போன் போட்டு மேனேஜரைக் கேக்கணும். கீழேருந்து ஒரு ஆளை அனுப்புவாரு. சும்மா அனுப்புவாரா? 'ஒன்னுக்கா, ரெண்டுக்கா?'ன்னு கேப்பாரு. பக்கத்துல யாரு உக்காந்திருக்காங்கன்னுகூடப் பாக்க மாட்டாரு. சிரிக்கிற சத்தம் எனக்குப் போன்ல கேக்கும். அதுக்குப் பயந்தே காலைல வீட்டை விட்டுக் கெளம்பினா சாப்பாட்டு மணி வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்கிறதில்ல. எத்தன வருஷமா! டாக்டர் தண்ணி குடி, தண்ணி குடின்னு அடிச்சுக்கிறாரு. இது தெரியுமா உனக்கு? தெரியாம எழுதிட்ட!"

முன்னறையில் தையல் மெஷின் நின்றுபோயிருந்தது. டெய்லருக்கும் இது புதுச் சேதி. பக்கத்து ஜன்னல்களுக்கும் புதுச் சேதிதான். இத்தனை வருஷம் எங்கள் தெருவுக்கே தெரியாமல் ஒருத்தி ஒரு விஷயத்தை வைத்திருந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாத்தனார் அடுப்பை அணைத்தாள். பிறகு மெதுவாக, "ஆணிதான்னு மாத்திடறேன் அண்ணி" என்றாள்.

"மாத்து. நாளைக்கே மாத்து" என்று சொல்லிவிட்டு கறாரம்மா போய்ப் படுத்துக்கொண்டாள். யார் எழுதியது என்று மேனேஜர் கேட்ட விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் மிரட்டுகிற மாதிரி ஆகிவிடும், தப்பைத் திருத்துவது வேறு, மிரட்டுவது வேறு என்பது அவள் கணக்கு.

புதன்கிழமை பாட்டு மாறியிருந்தது. இந்தத் தடவை மூக்குக்குள் இல்லை, வாய்விட்டே பாடினார்கள். மேசையின் இந்தக் கோடியில் ஒருத்தி எடுக்க, அந்தக் கோடியில் ஒருத்தி முடித்தாள்.

ஆணி மேல தொங்குற டோக்கன் அவளுக்குந்தான் இல்ல,
ராணி போனை எடுத்துக் கெஞ்சுற ரகசியத்தச் சொல்ல?
'ஒன்னுக்கா ரெண்டுக்கா'ன்னு ஒருத்தன் கேட்டுச் சிரிப்பான்,
இன்னைக்கு நாம எழுந்து நின்னா எவன் வந்து தடுப்பான்?

கறாரம்மாவுக்கு முந்தைய பாட்டைவிட இது பத்து மடங்கு மோசம் என்று தோன்றியது. அது பொய், பொய் என்று சொல்லித் தள்ளிவிடலாம். இதை என்னவென்று சொல்வது? நிமிர்ந்து பார்த்தாள். முறைப்பார்கள் என்று நினைத்திருந்தவர்கள் முறைக்கவில்லை. டோக்கனை எடுக்க வந்த ஒருத்தி ஆணியருகில் தயங்கி நின்று, "மேடம், நீங்க முதல்ல போறீங்களா? நான் ரூமைப் பாத்துக்கிறேன்" என்றாள்.

"வேலையைப் பாரு போ" என்றாள் கறாரம்மா. குரல் பாதியில் இறங்கிவிட்டது.

வீட்டுக்குப் போனதும் நாத்தனாரைப் பிடித்துக்கொண்டாள். "திருத்தத்தானேடி சொன்னேன், சேக்கவா சொன்னேன்?"

"தப்பு எதாவது இருக்கா அண்ணி?"

கறாரம்மா ஒவ்வொரு வரியாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். தப்பு இல்லை.

இதில் இரண்டு பேருக்குமே ஒரு விஷயம் தோன்றாமல் போனது வேடிக்கை. தோன்றியது மேனேஜருக்குத்தான். வெள்ளிக்கிழமை காலை அவளைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, பாட்டை ஒரு தடவை அவரே சொல்லிக் காட்டினார். அவர் சொன்னபோதுகூடத் தாளம் தப்பவில்லை. அவருக்கே அது பிடிக்கவில்லை.

"பேரு கேட்டேனே?"

கறாரம்மா அவர் மேசையிலிருந்த டெலிபோனைப் பார்த்தாள்.

"நீ சொல்லவேண்டாம்மா, நானே சொல்றேன். ஒன்னுக்கா ரெண்டுக்கான்னு நான் கேக்கிறது உன்கிட்ட மட்டும்தான். அந்த ரூம்ல வேற யாருக்கும் அது தெரியாது. அப்ப எழுதுனது யாரு?"

ஒரு பெயர் போதும். "என் நாத்தனார் சார்" என்று சொன்னால் நாற்காலி அவளுடையது. சொன்னால் அது பொய்யும் இல்லை. பொய் சொல்லக் கூசுகிற நாக்குக்கு அந்த உண்மையைச் சொல்வதில் என்ன தடங்கல் என்று அவளுக்கே விளங்கவில்லை. ஆனால் 'உன்கிட்ட மட்டும்தான்' என்பதை அவர் வெட்கமில்லாமல் சொன்ன விதம் அவள் மண்டைக்குள் ஓடிக்கொண்டேயிருந்தது. கேட்டதை மறுக்கவில்லை. சிரித்ததை மறுக்கவில்லை. வெளியே வந்ததுதான் அவருக்குப் பிரச்சினை.

"மூணாவது வரி என்னுதுதான் சார்" என்றாள். "நீங்க கேட்டது கேட்ட மாதிரியே இருக்கு. தப்பு ஒன்னுமில்ல."

"அப்ப மத்த வரி?"

"மத்ததுல ஒரு தப்பு இருந்துச்சு. திருத்தியாச்சு."

மேனேஜர் அவளை வெறித்துப் பார்த்தார். அவள் வாழ்நாளில் யாரும் அவளை ஒரு குற்றவாளியாகப் பார்த்ததில்லை, புத்திசாலியாகவும் பார்த்ததில்லை. அன்று இரண்டும் ஒரே பார்வையில் கிடைத்தன.

அவளை வேலையை விட்டே அனுப்பியிருக்கலாம். ஆனால் அறைக்குப் பாடம் கற்பிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. அவளை முன்னால் நடக்கவிட்டு, தாமும் மாடியேறி, மேசையின் தலைமாட்டில் நின்று அறிவித்தார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. உங்க பாட்டுக்காரி யாருன்னு கண்டுபிடிச்சாச்சு. இதோ, உங்க சூப்பர்வைசரம்மா. இன்னையிலேருந்து அவங்க உங்களோட ஸ்டூல்ல உக்காருவாங்க. பாடறதுக்கு வசதியா இருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. கறாரம்மா நாற்காலியின் முதுகிலிருந்து தன் துண்டை எடுத்துக்கொண்டு, காலியாக இருந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். ஜன்னலோரம் நாத்தனார் எழுந்திருக்கப் பார்த்தாள். கறாரம்மா ஒரு பார்வை பார்த்தாள், அவள் உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் பலிக்காத பார்வை அங்கே பலித்தது.

மேனேஜர் அந்த இடத்தில்தான் கோட்டை விட்டார். டோக்கனுக்குக் காத்து நின்றவர்கள் பாடுகிற வரை அது ஒரு பாட்டு, அவ்வளவுதான். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளே எழுதினாள் என்று அவர் வாயால் சொன்ன நிமிஷத்தில், அதுவரை காதைப் பொத்திக்கொண்டிருந்தவர்களுக்கும் அது சாட்சி ஆகிவிட்டது. அதிலும் லேபிள் அக்காவுக்கு. வாரம் முழுக்க, "வீட்டுக்குள்ள பேசறத வீதியில பாடலாமா?" என்று முணுமுணுத்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் எழுந்தாள். கையிலிருந்த லேபிள் கட்டைக் கீழே வைத்தாள். டோக்கன் பக்கம் திரும்பாமல் கதவைத் தாண்டி நடந்தாள்.

"டோக்கன் எங்கம்மா?" என்றார் மேனேஜர்.

வெளியே நடையில் அவள் குரல் மட்டும் கேட்டது. 'ஆணி மேல தொங்குற' என்று ஆரம்பித்து, அடுத்த வரி தெரியாமல் 'இடுப்புல சொருகி'க்குத் தாவியது. பாட்டைக் காது கொடுத்துக் கேட்டதில்லை என்று சத்தியம் செய்தவளுக்கு எப்படி இவ்வளவு தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. இரண்டாவது ஒருத்தி எழுந்தாள். பிறகு ஸ்டூல் தள்ளும் சத்தத்தில் எண்ணிக்கை தப்பிப்போனது.

மேனேஜர் பின்னாலேயே ஓடினார். நடையின் கோடியில், 'பெண்கள்' என்று எழுதியிருந்த கதவுக்குக் கொஞ்சம் தள்ளி அவர் கால்கள் தாமாகவே நின்றன. அதற்கு மேல் போக முடியாது. வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

"போய் வெளிய வரச் சொல்லுய்யா!"

"நான் எப்படி சார் அங்க போறது? என் வீட்டுக்காரி கேட்டா என்ன சொல்றது?"

"பின்ன யாரு போறது?"

வாட்ச்மேன் நல்லெண்ணத்தோடுதான் சொன்னான். "பொம்பளைங்களைக் கூப்பிட எப்பவும் சூப்பர்வைசரம்மாதானே சார்? அவங்களையே அனுப்புங்க."

அறையில் கறாரம்மா மட்டும் மிச்சமிருந்தாள். கையில் ஜோடி சேராத ஒரு நீலக் காலுறை. உண்மையில் அவளுக்குப் போகவேண்டிய அவசியம் இல்லை. வழக்கம்போலக் காலையிலிருந்து தண்ணீர் குடித்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் காலுறையின் ஜோடியைத் தேடினாள். கிடைத்ததும் சேர்த்து வைத்துவிட்டு எழுந்து போய் வரிசையின் கடைசியில் நின்றாள். முன்னால் இரண்டு பேர் முண்டியடித்தபோது, "தள்ளாதீங்க, வந்த வரிசைப்படி போங்க" என்று அதட்டினாள். அவர்களும் அடங்கினார்கள். மேனேஜர் அவளைப் பார்த்தார், அவள் அவரைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு சட்டத்தை எடுத்துவிட்டதாக யாரும் அறிவிக்கவில்லை. 'சோதனை முறையில் தளர்த்தப்பட்டிருக்கிறது' என்று ஒரு தாள் ஒட்டினார்கள். சங்கத்துக்காரர் அதை நாலு தடவை படித்துவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். இரண்டு வருஷத் துண்டறிக்கைக்கு அசையாதது நாலு வரிக்கு அசைந்ததே என்று அவருக்குச் சந்தோஷம், கொஞ்சம் வயிற்றெரிச்சல். நாற்காலி கறாரம்மாவுக்குத் திரும்பி வரவில்லை. அதில் அவளுக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் அது கலப்படமில்லாத பொய். ராத்திரி முதுகுக்கு டெய்லர் தைலம் தேய்த்துவிடுகிறார்.

உண்மையான தொல்லை வீட்டுக்குள்தான் தொடங்கியது. தெரு முழுக்க அவளைப் 'பாட்டுக்காரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தது. நாத்தனாருக்கு அது பொறுக்கவில்லை. பொறுக்காமல் என்ன செய்வது? நான்தான் எழுதினேன் என்று சொன்னால் அவள் வேலை போய்விடும்.

"என் பாட்டு அண்ணி அது!"

"நான் என்னுதுன்னு சொன்னேனா? மூணாவது வரின்னுதான் சொன்னேன்."

"ஊரு அப்படி நெனைக்கல."

"ஊரைத் திருத்த முடியுமா?" என்றாள் கறாரம்மா. இதை அவள் வாயால் கேட்டோம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

போன வாரம் சங்கத்துக்காரர் அவளைத் தேடிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற சலவைக்கூடத்தில், வேலை நேரத்தில் பெண்களை உள்ளே விட்டு வெளியே பூட்டுகிறார்களாம். தாம் எழுதிய நோட்டீஸ் எடுபடவில்லை என்று கூச்சத்தோடு ஒப்புக்கொண்டார். "நீங்க ஒரு பாட்டுக் கட்டிக் குடுத்தா நல்லாருக்கும்மா" என்றார்.

வாழ்நாளில் இரண்டு வரியை ஒன்றோடொன்று ஒட்டத் தெரியாதவள் அவள். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். உள்ளே நாத்தனார் பாத்திரத்தைத் தரையில் ஓங்கி வைத்தது கேட்டது.

"ரெண்டு நாள் டைம் குடுங்க" என்றாள் கறாரம்மா.

அவர் போனதும் நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "நான் எழுதணும், பேரு உங்களுக்கா?"

"பேரு யாருக்கும் வேண்டாம். நீ எழுது, தப்பில்லாம எழுது."

"'இரும்புக் கதவு பூட்டுக்குள்ள'ன்னு ஆரம்பிக்கலாம் அண்ணி. நல்லா வரும்."

"இரும்பா? நீ பாத்தியா?"

"மரக்கதவுன்னா எடுப்பா இருக்காது."

கறாரம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள். டெய்லர் மெஷினிலிருந்து தலையைத் தூக்கி எங்கே என்று கேட்டார். பாலத்துக்கு அந்தப் பக்கம், பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள். நாத்தனார் வாசற்படியில் நின்று, "அப்படியே பூட்டு எந்தப் பக்கம் தொங்குதுன்னும் பாத்துட்டு வாங்க, எனக்கு ரெண்டாவது வரிக்கு வேணும்!" என்று தெருவே கேட்கக் கத்தினாள்.